கொழும்பு மொட்டைமாடி சோலார்: பற்றரி கூட்டுறதுக்கு முதல் எதைத் திருத்த வேணும்? (மன்ற உரையாடல், ஒவ்வொரு பதிவுக்கும் மேல எழுதினவரின்ர பெயர்)

மொட்டைமாடி06

வெள்ளவத்தையில மொட்டைமாடியில கிரிட்டோட, அதாவது வெளி மின் லைனோட, தொடுப்பு இல்லாத சின்ன சோலார் சிஸ்டம். இப்ப இருக்கிற சாமான் இவ்வளவுதான்.

330 வாட் பொலி பனல் இரண்டு, 72 செல். லேபலில ஓப்பன் சேர்க்கிட் வோல்டேஜ் 46, வேலை செய்யிற வோல்டேஜ் 37.5, கரண்ட் 8.8 அம்பியர். ரெண்டும் பரலல். மேலயிருந்து கீழ 4 எம்எம் வயர், ஒரு வழிக்கு 14 மீற்றர். 30 அம்பியர் பிடபிள்யூஎம் கொன்ட்ரோலர். 12 வோல்ட் 100 ஏஎச் (அம்பியர் மணி) பற்றரி ரெண்டு பரலலில, ஒண்டு வீட்டு இன்வேட்டருக்கு எண்டு வாற டியூபுலர், மற்றது கார் பற்றரி. 1000 வாட் மொடிபைட் சைன் (சுத்த சைன் அலை தராத மலிவு வகை) இன்வேட்டர்.

லோட்: சீலிங் ஃபான் 3, 9 வாட் பல்ப் 6, ரவுட்டர், லப்டொப் ஒண்டு. இரவு ஒரு மணி, ரெண்டு மணிக்கு இன்வேட்டர் கீக்கீ எண்டு கத்தி நிண்டிடும். கையில ஒரு இலட்சம் இருக்கு. இன்னும் ரெண்டு 100 ஏஎச் பற்றரி வாங்கிறதா, 6 எம்எம் வயர் மாத்திறதா? எது முதல்?

கணக்கு

இரண்டும் வேண்டாம். முதலில் வரவையும் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

செலவு. சாதாரண சீலிங் ஃபான் 75 வாட். மூன்று ஃபான், 8 மணித்தியாலம்: 1.8 யுனிற். பல்ப் 54 வாட், 5 மணித்தியாலம்: 0.27. ரவுட்டர் 12 வாட், நாள் முழுக்க: 0.29. லப்டொப் 60 வாட், 4 மணித்தியாலம்: 0.24. இன்வேட்டர் சும்மா நிற்கும்போதே 12 வாட் தின்கிறது என்று வைத்தால் நாளுக்கு இன்னும் 0.29. மொத்தம் 2.9 யுனிற் அளவு.

வரவு. உங்கள் கொன்ட்ரோலர் பிடபிள்யூஎம். அது பனலை நேரே பற்றரியோடு சேர்த்துத் திறந்து மூடும் ஒரு சுவிற்ச், அவ்வளவுதான். பற்றரி 13 வோல்டில் இருந்தால் பனலும் 13 வோல்டுக்கு இறங்கிவிடும். கரண்ட் மட்டும் மாறாது. ஆகவே 8.8 × 2 × 13 = 229 வாட். வாங்கியது 660 வாட், இறங்குவது 229. மிச்சம் பனலிலேயே சூடாகப் போகிறது. கொழும்பில் நல்ல நாளில் 4.5 மணித்தியால முழு வெயில் என்று எடுத்தால் 1.03 யுனிற். ஈயப் பற்றரிக்குள் ஏற்றி இறக்குவதில் ஐந்தில் ஒன்று போய், கைக்கு வருவது 0.8.

0.8 வந்து 2.9 போகிற இடத்தில் பற்றரியை இரண்டு மடங்காக்கினால் என்ன நடக்கும்? முதல் இரண்டு இரவு நன்றாக இருக்கும். பிறகு நான்கு பற்றரியும் ஒருநாளும் முழுதாக ஏறாமல் நிற்கும். முழுதாக ஏறாத ஈயப் பற்றரியின் தட்டில் சல்பேற் இறுகும், ஒரு வருடத்தில் நான்கும் போய்விடும்.

வயரிங் அண்ணை

கணக்கு சொன்னது சரி. ஆனா உந்த 12 வோல்ட் லைனில 14 மீற்றருக்கு 4 எம்எம் காணாது. போக வர 28 மீற்றர், 0.12 ஓம். 17.6 அம்பியருக்கு 2 வோல்டுக்கு மேல விழுது. 12 வோல்ட் சிஸ்டத்தில 2 வோல்ட் எண்டால் சின்ன விசயமே?

கணக்கு

அண்ணை, அந்த 2 வோல்ட் உண்மையில் விழுகிறது, ஆனால் இந்த அமைப்பில் அதனால் நட்டம் இல்லை. பனலுக்கு 37 வோல்ட் வரை தள்ளும் வலு இருக்கிறது. வயரில் 2 வோல்ட் விழுந்தால் பனல் 13க்குப் பதில் 15 வோல்டில் நிற்கும். கரண்ட் அதே 17.6. பற்றரிக்குப் போவது மாறாது. இன்றைக்கு 6 எம்எம் மாற்றினால் மீற்றரில் ஒரு வித்தியாசமும் தெரியாது.

எம்பிபிடி (பனலின் உயர்ந்த வோல்டேஜைக் குறைத்துக் கூடுதல் கரண்டாக மாற்றித் தரும் கொன்ட்ரோலர்) போட்டுப் பரலலிலேயே விட்டால்தான் அந்த நட்டம் உண்மையாகும்: 38 வாட், கிட்டத்தட்ட 6%. சீரிஸில் போட்டால் கரண்ட் 8.8 தான், நட்டம் 10 வாட்டுக்குள். ஆகவே வயரைத் தொடாதீர்கள். கொன்ட்ரோலரை மாற்றிப் பனல் இரண்டையும் சீரிஸாக்குங்கள். வயருக்கு ஒதுக்கிய காசு கையில் நிற்கும்.

வயரிங் அண்ணை

ஒத்துக்கொள்ளுறன், பனல் வோல்டேஜ் அவ்வளவு மேல இருக்கிறதை யோசிக்கேல்ல. அப்ப எம்பிபிடி வாங்கிற விசயத்தைச் சொல்லுறன், ஏனெண்டால் இதிலதான் கனபேர் காசை விடுறது.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலயும் ஒன்லைனிலயும் எம்பிபிடி எண்டு எழுதின சின்ன நீலப் பெட்டியள் கிடைக்குது. கனக்க உள்ளுக்குள்ள பிடபிள்யூஎம் தான். கையில தூக்கிப் பாருங்கோ. உண்மையான 30, 40 அம்பியர் எம்பிபிடிக்குள்ள செம்புக் கம்பி சுத்தின பெரிய கொயில் இருக்கும், பின்பக்கம் தடிச்ச அலுமினியம் இருக்கும், ஒரு கிலோவுக்குக் கிட்ட நிறை வரும். உள்ளங்கையில அடங்கிற பிளாஸ்ரிக் பெட்டியில 60 அம்பியர் எண்டு எழுதியிருந்தால் வையுங்கோ கீழ. அடுத்தது பனல் பக்க உச்ச வோல்டேஜ். 50 எண்டு போட்டிருந்தால் உங்கட சீரிஸுக்கு அது ஆகாது, எரியும்.

பூட்டினாப் பிறகு சோதிக்கிறது லேசு. வெயில் ஏறின நேரம், பற்றரி முழுசா ஏற முதல், கொன்ட்ரோலரின்ர பனல் முனையில வோல்டேஜ் பாருங்கோ. பற்றரி வோல்டேஜுக்குக் கிட்ட நிண்டால் அது பிடபிள்யூஎம். சீரிஸில 60 வோல்டுக்கு மேல நிண்டு, பற்றரிக்குப் போற அம்பியர் பனலில இருந்து வாறதைவிடக் கூட எண்டால் அது அசல். அம்பியர் பாக்கக் கிளாம்ப் மீற்றர் வாங்கிறதெண்டால் டிசி அளக்கிறதோ எண்டு கேட்டு வாங்குங்கோ. மலிவான கிளாம்ப் ஏசி மட்டும்தான் காட்டும், டிசி வயரில பூச்சியம் எண்டு நிக்கும்.

மொட்டைமாடி06

இப்ப மத்தியானம் பாத்தன். மேல பனலடியில 14.9, கீழ பற்றரி 13.1, போற கரண்ட் 16.2 அம்பியர். கணக்கு அண்ணா சொன்ன மாதிரி அச்சாகவே இருக்கு. ரெண்டு பனலும் சீரிஸ் எண்டால் 92 வோல்ட். 100 வோல்ட் கொன்ட்ரோலர் காணுமா? குளிர் நேரத்தில வோல்டேஜ் கூடும் எண்டு வாசிச்சன்.

கணக்கு

கூடும், ஆனால் எங்கள் ஊர்க் குளிருக்கு அல்ல. செல்லின் சூடு 25 பாகையை விட ஒவ்வொரு பாகை இறங்கவும் 0.3% அளவு கூடும். கொழும்பில் விடியற்காலை 20 பாகைக்கு இறங்குவதே அரிது. அப்படி இறங்கினாலும் 92 என்பது 93.5 ஆகும். 100 வோல்ட் கொன்ட்ரோலர் தாங்கும். நுவரெலியா என்றால் வேறு கதை. பின்னொரு காலம் மூன்றாவது பனலைச் சீரிஸில் போடும் எண்ணம் இருந்தால் 150 வோல்ட் கொன்ட்ரோலர் வேண்டும், அதிலும் 140க்கு வந்து விளிம்பில் நிற்கும்.

எங்களுக்குத் தொல்லை வெப்பம். கொன்கிரீட் மாடியில் மத்தியானம் செல் 60, 65 பாகைக்குப் போகும். அப்போது 37.5 வோல்ட் 32க்கு இறங்கிவிடும். பற்றரிப் பக்கத்தைப் பிறகு 24 வோல்டுக்கு மாற்றுவதுதான் நல்லது, அந்தப் பற்றரியை 28 வோல்ட் தாண்டி ஏற்றவேண்டும், வயரிலும் விழுகிறது. பரலலில் விட்டால் எம்பிபிடிக்கு மூச்சு முட்டும். சீரிஸில் 64 வோல்ட் இருக்கிறது, கவலையில்லை. பனலுக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டால் காற்று ஓடிச் சூடு குறையும்.

மருதானை நானா

தம்பி, 24 வோல்டுக்கு ஏன் போகணும்? 12லயே இருக்கலாம் தானே. இன்வேட்டர் மாத்துற செலவு மிச்சம்.

கணக்கு

நானா, 12 வோல்டில் 660 வாட் என்றால் 50 அம்பியர் கொன்ட்ரோலர் வேண்டும், 24 வோல்டில் 30 போதும். கொன்ட்ரோலரின் விலை அம்பியரில்தான் ஏறுகிறது. இன்வேட்டர் பக்கமும் அப்படித்தான். 1000 வாட் இழுக்கும்போது 12 வோல்டில் 95 அம்பியர், 24 வோல்டில் 47. வயர், லக், பியூஸ், சுவிற்ச் எல்லாமே பாதி. அதோடு அவரிடம் இருப்பது மொடிபைட் சைன். கபாசிற்றரில் ஓடும் ஃபான் அதில் உறுமும், சூடாகும், கூடவும் இழுக்கும். அந்த இன்வேட்டரை எப்படியும் ஒருநாள் மாற்றவேண்டும்.

ஆனால் எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் செய்யவேண்டும் என்றில்லை. 12, 24 இரண்டையும் எடுக்கும் எம்பிபிடி 40 அம்பியர் வாங்கினால் இப்போது 12 வோல்டில் ஓடும், பிறகு 24க்கு மாற்றலாம். 12 வோல்டில் 520 வாட்டோடு அது தன்னைத்தானே மட்டுப்படுத்தும், அதற்குமேல் வருவது இப்போதைக்கு வீண். ஒன்று கவனம்: கார் பற்றரியைக் கழற்றிவிட்டு டியூபுலரை மட்டும் வைத்தால் ஏற்றும் கரண்டை செட்டிங்கில் 20 அம்பியருக்கு மட்டுப்படுத்துங்கள். 100 ஏஎச் ஈயப் பற்றரிக்கு 40 அம்பியர் கொடுத்தால் தண்ணீர் கொதித்துப் போகும்.

உப்புக்காற்று

கார் பற்றரியைக் கழற்றத்தான் வேணும். இஞ்சின் ஸ்டார்ட் பண்ணுற அஞ்சு செக்கனுக்கு எண்டு செய்த மெல்லிய தட்டு அது. ஒவ்வொரு இரவும் பாதிக்கு இறக்கினால் சில மாசத்தில முடிஞ்சிடும். முடிஞ்சது தான் மட்டும் போகாது, பரலலில பக்கத்தில இருக்கிற டியூபுலரில இருந்து இரவெல்லாம் இழுத்துக்கொண்டிருக்கும். ரெண்டையும் முழுசா ஏத்தி, பிரிச்சு ஒரு இரவு வைச்சிட்டு விடிய வோல்டேஜ் பாருங்கோ. 12.4க்குக் கீழ விழுந்தது எதுவோ அதுதான் திருடன்.

இன்னொரு விசயம், ஒருத்தரும் இன்னும் சொல்லேல்ல. ஃபான்.

கணக்கு

நல்லது சொன்னீர்கள். ஒரு இலட்சத்தில் முதல் ரூபா அங்கேதான் போகவேண்டும். பிஎல்டிசி ஃபான் (குறைந்த வாட்டில் ஓடும் காந்த மோட்டார் வகை) முழு வேகத்தில் 28 முதல் 35 வாட். மூன்றையும் மாற்றினால் 1.8 யுனிற் 0.72 ஆகிறது. நாளுக்கு 1.08 யுனிற் மிச்சம். இப்போது உங்கள் இரண்டு பனலும் சேர்ந்து தருவதே 1.03. ஃபானை மாற்றுவது இன்னொரு கூரை நிறையப் பனல் பூட்டியதற்குச் சமம். மூன்றுக்கும் காசு காணாவிட்டால் இரவு முழுக்கச் சுற்றும் அறை ஃபானை முதலில் மாற்றுங்கள். சுவரில் உள்ள பழைய ரெகுலேற்றரைக் கழற்றி நேர் லைன் கொடுக்கவேண்டும். ரெகுலேற்றர் ஊடாகப் போனால் ஃபானின் சேர்க்கிட் போர்ட் எரியக்கூடும்.

ரவுட்டரை இன்வேட்டரிலிருந்து எடுத்து, பற்றரியிலிருந்து 12 வோல்ட் நிலையாகத் தரும் டிசி கொன்வேட்டரில் போடுங்கள். நேரே பற்றரியில் போடவேண்டாம். ஏற்றும்போது 14.4, பிறகு 24 வோல்ட் சிஸ்டம் என்றால் 28 வரும், ரவுட்டர் தாங்காது. இப்படிச் செய்தால் பகலில் ஃபான் தேவையில்லாத நேரம் இன்வேட்டரை முழுதாக நிறுத்தலாம். அந்த 12 வாட் சும்மாச் செலவும் போகும். பெரிய டிரான்ஸ்போமர் உள்ள பழைய யுபிஎஸ் வகை என்றால் சும்மா நிற்கவே 30, 40 வாட் தின்னும். அது நாளுக்கு ஒரு யுனிற்.

இப்போது திரும்பக் கூட்டிப் பாருங்கள். செலவு 2 யுனிற்றுக்குள். 24 வோல்டுக்கு மாறிய பிறகு வரவு 660 × 4.5 × 0.75, அதாவது 2.2. முட்டிக்கொண்டு நிற்கிறது, ஆனால் நிற்கிறது.

மருதானை நானா

பற்றரிக்கு ஒரு யோசனை. பஞ்சிகாவத்தையில ஹைபிரிட் கார்ல கழட்டின பற்றரி மலிவா எடுக்கலாம். செல்லெல்லாம் பிரிச்சு 24 வோல்டுக்கு அடுக்கினா என்ன?

எட்டுச்செல்

நானா, வேண்டாம். பழைய பிரியஸில் இருப்பது நிக்கல் மெற்றல் ஹைட்ரைட். 7.2 வோல்ட் மொடியூல் 28, ஒவ்வொன்றும் 6.5 ஏஎச். புதிதாக இருந்த காலத்திலேயே முழுப் பெட்டியும் 1.3 யுனிற்தான். கழற்றியதில் பாதிகூட இல்லாமல் இருக்கலாம்.

அளவைவிட ஏற்றும் விதம்தான் பெரிய சிக்கல். ஈயம், லிதியம் இரண்டிலும் வோல்டேஜ் உயர்ந்து ஒரு மட்டத்தில் நின்றால் நிறைந்தது என்று கொன்ட்ரோலருக்குத் தெரியும். நிக்கல் நிறைந்ததும் வோல்டேஜ் சற்றுக் கீழே இறங்கும், சூடு ஏறும். சோலார் கொன்ட்ரோலருக்கு அது புரியாது, இன்னும் தள்ளும். பரலலில் அடுக்கினால் சூடான வரிசை வோல்டேஜ் குறைந்து, அதனால் இன்னும் கூடக் கரண்ட் எடுத்து, இன்னும் சூடாகும். மாடிவீட்டுக்குள் வைக்கக்கூடிய பொருள் அல்ல.

பற்றரிக் கட்டம் வரும்போது லிதியம் இரும்பு பொஸ்பேற் எட்டுச் செல் போடுங்கள். 3.2 வோல்ட் 100 ஏஎச், எட்டு சீரிஸில் 25.6 வோல்ட், 2.56 யுனிற். 2 யுனிற் தாராளமாக எடுக்கலாம். உங்கள் இரவுச் செலவு 1.3 அளவில்தான் வரும், 200 ஏஎச் தேவையில்லை.

உப்புக்காற்று

செல் வாங்கி அடுக்கிறதைவிட அடைச்சு வாற 24 வோல்ட் பெட்டி நல்லதெல்லோ? எல்லாருக்கும் செல் அடுக்க வராது.

எட்டுச்செல்

கை பழகாதவருக்குப் பெட்டிதான் நல்லது, மறுக்கவில்லை. ஆனால் திறந்து பார்க்க முடியாத பெட்டியில் ஒரு செல் சோர்ந்தால் முழுப் பெட்டியும் போகும். எட்டுச் செல் என்றால் அந்த ஒன்றை மாற்றலாம். 12 வோல்ட் பெட்டி இரண்டை வாங்கிச் சீரிஸ் போடுவது மட்டும் வேண்டாம். இரண்டுக்குள்ளும் இருக்கும் பிஎம்எஸ் (செல்லைக் காத்து, தேவையானால் வெட்டிவிடும் போர்ட்) ஒன்றையொன்று அறியாது. ஒன்று நிறைந்து வெட்டிவிடும், மற்றது பாதியில் நிற்கும், நாளாக நாளாக அந்த இடைவெளி கூடும்.

செல் அடுக்குபவர் அவசரப்படக்கூடாத இடம் ஒன்று இருக்கிறது. எட்டும் ஒரே மட்டத்தில் நிறைந்திருக்க வேண்டும். முதலில் சீரிஸில் பிஎம்எஸ்சோடு சேர்த்து, ஏதாவது ஒரு செல் 3.6 தொடும் வரை ஏற்றுங்கள். பிறகு எல்லாவற்றையும் கழற்றி எட்டையும் பரலலாக்கி, பெஞ்ச் சப்ளையை (வோல்டேஜைத் திருகி வைக்கக்கூடிய மின்வழங்கி) செல்லோடு சேர்க்காமலே 3.65 வோல்டுக்கு வைத்துவிட்டுச் சேருங்கள். கரண்ட் ஓரிரு அம்பியருக்கு இறங்கும் வரை விடுங்கள், ஒருநாள் எடுத்தாலும் எடுக்கட்டும். சேர்த்த பின் சப்ளையின் திருகைக் கூட்டாதீர்கள். செல்லில் 3.4 என்று காட்டுகிறதே என்று கூட்டிவிட்டு மறந்துபோனால் நிறைந்ததும் 4 வோல்டைத் தாண்டும், செல் ஊதும்.

அலுமினியம் பஸ்பாரையும் செல் முனையையும் மெல்லிய சாண்ட்பேப்பரால் தேய்த்து, ஸ்பிரிற்றால் துடைத்து உடனே பூட்டுங்கள். ஓடு பிடித்த பஸ்பாரில் அரை மில்லி ஓம் நின்றாலே 40 அம்பியருக்கு 20 மில்லிவோல்ட் விழும். அந்த மூட்டுத்தான் பிறகு சூடாகும். லோட் கொடுத்து இருபது நிமிடம் கழித்து ஒவ்வொரு மூட்டுக்கும் குறுக்கே மில்லிவோல்ட் பாருங்கள். எல்லாம் 3, 4 என்று நிற்க, ஒன்று மட்டும் 15 காட்டினால் அதைக் கழற்றித் திரும்பச் செய்யுங்கள். மரையை அளவுக்கு மீறி இறுக்காதீர்கள். அலுமினிய முனையில் மரை கழன்றால் செல்லே வீண்.

மொட்டைமாடி06

கொன்ட்ரோலரில லிதியம் எண்டு ஒரு செட்டிங் இருக்கும், அதைத் தெரிஞ்சால் காணும் தானே?

எட்டுச்செல்

அதை நம்பாதீர்கள். பல கொன்ட்ரோலரில் அது 29.2, செல்லுக்கு 3.65. அவ்வளவு உயரம் போக ஒரு காரணமும் இல்லை. யூசர் செட்டிங்கில் 28.2, அதில் அரை மணித்தியாலம், ஃபுளோட் (நிறைந்த பின் பிடித்து வைக்கும் வோல்டேஜ்) 27.0. ஈக்குவலைஸ் (ஈயப் பற்றரியின் அறைகளைச் சமப்படுத்தக் கூட ஏற்றுவது) முழுதாக நிறுத்தம். வெப்ப ஈடு பூச்சியம். இன்வேட்டரின் கீழ் வெட்டு 25க்கும் 24.5க்கும் நடுவில்.

காரணம் இதுதான். வெயில் நேரத்தில் ஒரு செல் 3.65 தாண்டி பிஎம்எஸ் வெட்டினால், எம்பிபிடிக்குப் பற்றரி திடீரென மறையும். பனலிலிருந்து வருவதற்குப் போக்கிடம் இல்லாமல் வெளிமுனை வோல்டேஜ் ஒரு கணம் பாயும். கொன்ட்ரோலரும் அதோடு தொங்கும் இன்வேட்டரும் அதில்தான் போகின்றன. பிஎம்எஸ் கடைசிக் காவல், அன்றாட சுவிற்ச் அல்ல. இதே காரணத்துக்காகத்தான் சேர்க்கும்போது பற்றரி முதல், பனல் பிறகு. கழற்றும்போது பனல் முதல், பற்றரி பிறகு.

வயரிங் அண்ணை

பாதுகாப்புச் சாமானை ஆரும் கடைசிக்குத் தள்ளாதேங்கோ. பற்றரிக்கு முதல் இதுக்குக் காசு ஒதுக்குங்கோ.

எட்டுச் செல்லின்ர உள்தடை சேத்து 4 மில்லி ஓம், வயரும் மூட்டும் 2. சோட் ஆனால் 25.6 ஐ 0.006 ஆல் பிரியுங்கோ, 4000 அம்பியருக்கு மேல. கார் பியூஸ், கண்ணாடி பியூஸ் எல்லாம் அதில உருகினாப் பிறகும் உள்ளுக்குள்ள தீப்பொறி வில்லாக எரிஞ்சுகொண்டு நிக்கும். கிளாஸ் டி (Class T) பியூஸ் கிடைச்சால் அது. இல்லாட்டி தொழிற்சாலைப் பலகையில போடுற கத்தி முனை எச்ஆர்சி (பெரிய சோட் கரண்டையும் வெட்டக்கூடிய) பியூஸ், டிசி அளவு எழுதினதாப் பாத்து. 1000 வாட் 24 வோல்டுக்கு 80 அம்பியர் பியூஸ், 16 எம்எம் வயர், ஒன்றரை மீற்றருக்குள்ள. பியூஸ் பற்றரி பிளஸ் முனையில இருந்து ஒரு சாணுக்குள்ள இருக்க வேணும். பியூஸுக்கு முன்னால இருக்கிற வயருக்குக் காவல் இல்லை.

லக்கை ஹைட்ரோலிக் பிரஸ்ஸால நெரியுங்கோ. சுத்தியலால அடிச்சது, குறட்டால நெரிச்சது ரெண்டும் ஆறு மாசத்தில சூடு காட்டும்.

பனல் லைனில வீட்டு ஏசி பிறேக்கரைப் போடாதேங்கோ. ஏசி ஒரு செக்கனுக்கு 100 தரம் பூச்சியத்தைத் தொடும், அதில தீப்பொறி அணையும். டிசி தொடாது. 70 வோல்டில திறந்த பிறேக்கருக்குள்ள பொறி நிண்டு எரியும். டிசி பிறேக்கரிலயும் பிளஸ் மைனஸ் குறிச்சிருந்தால் அது திசை பாக்கிற வகை. தலைகீழாப் பூட்டினால் காந்தம் பொறியை உள்ளுக்குத் தள்ளும்.

இன்வேட்டரை முதல் தரம் தொடுக்கேக்க படார் எண்டு ஒரு பொறி வரும். உள்ளுக்கு இருக்கிற கபாசிற்றர் ஒரேயடியா நிறையிறதுதான். 30 ஓம் 10 வாட் றெசிஸ்ரர் ஒண்டை இடையில வைச்சு ரெண்டு மூண்டு செக்கன் பிடிச்சிட்டுப் பிறகு வயரைப் பூட்டுங்கோ. லிதியத்தில இதைச் செய்யாட்டி பிஎம்எஸ் சோட் எண்டு நினைச்சு வெட்டிடும், பற்றரி பழுது எண்டு பயந்து போவியள்.

மொட்டைமாடி06

இன்வேட்டர் வயரை வீட்டுப் பிளக்கில குத்தினால் முழு வீட்டு வயரிங்குக்கும் கரண்ட் வரும் எண்டு ஒருத்தர் சொன்னார்.

வயரிங் அண்ணை

தயவுசெய்து வேண்டாம் தம்பி. மெயினை நிப்பாட்ட ஒரு தரம் மறந்தால் உங்கட 230 வோல்ட் வெளி லைனுக்குப் போகும். லைன் நிண்டிட்டுது எண்டு நம்பித் தூணில ஏறி நிக்கிறவர் மேல பாயும். கரண்ட் திரும்பி வந்தால் இன்வேட்டரும் வெடிக்கும். ரெண்டு அந்தத்திலயும் பிளக் உள்ள அந்த வயரின்ர வெறும் பின்னில கரண்ட் இருக்கும், பிள்ளையள் தொட்டிடுவினம்.

ஃபானுக்கும் பல்புக்கும் தனிச் சேர்க்கிட் பிரிச்சு, லைனுக்கும் இன்வேட்டருக்கும் மாத்த ரெண்டு துருவ சேஞ்ச் ஓவர் சுவிற்ச் போடுங்கோ. லைவ் மட்டும் மாத்திறது காணாது, நியூற்றலும் மாற வேணும். இல்லாட்டி இன்வேட்டரில ஓடேக்க வீட்டு ட்ரிப் சுவிற்ச் காரணமில்லாம விழும்.

அதைவிடப் பெரிசு இது. இன்வேட்டர் வெளிமுனை எர்த்தோட தொடுப்பில்லாம மிதக்கும். அப்ப வெளியில 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிற்ச் போட்டும் பிரயோசனமில்லை, லீக் ஆனாலும் திரும்பிப் போக வழி இல்லாததால அது விழாது. பியூர் சைன் இன்வேட்டரின்ர மனுவல் விட்டால், ஒரு முனையை நியூற்றலாக்கி எர்த்தோட ஒரே ஒரு இடத்தில சேத்து, அதுக்குப் பிறகு ட்ரிப் சுவிற்ச். உங்கட இப்பத்த மொடிபைட் சைனில ரெண்டு முனையையும் எர்த்துக்கு அளந்து பாருங்கோ, 115, 115 எண்டு காட்டக்கூடும். அந்த மாதிரியில நியூற்றலை எர்த் பண்ணினால் இன்வேட்டர் அந்த இடத்திலயே போகும். இந்த 230 பக்க வேலை மட்டும் லைசன்ஸ் உள்ள வயர்மனைக் கூப்பிட்டுச் செய்யுங்கோ.

புதுவாசகர்_வத்தளை

இவ்வளவு பாடுபடாமல் மின்சாரசபைக்கு விற்கும் கிரிட் சிஸ்டம் போட்டால் என்ன?

கணக்கு

சொந்தக் கூரையும் முதலும் இருந்தால் அது நல்ல வழி. ஆனால் சாதாரண கிரிட் இன்வேட்டர் லைன் போனதும் தானும் நிற்கும், நிற்கவேண்டியதும் சட்டம். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வெட்டியபோதும், 2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுக்க இருண்டபோதும் பற்றரி இல்லாத கிரிட் பனல் கூரையில் சும்மாதான் கிடந்தது. இவர் கேட்பது இரவு ஃபான்.

உப்புக்காற்று

மொட்டைமாடியைப் பற்றி. கொழும்பு கிட்டத்தட்ட 7 பாகை வடக்கு. தெற்குப் பாத்து 10 பாகை சரிவு காணும். 10க்குக் குறைச்சால் மழைத் தண்ணி ஓடாம கீழ் விளிம்பில அழுக்குப் பட்டையாத் தங்கும், கீழ் வரிசைச் செல் முழுக்க மறையும்.

தெற்கை மட்டும் பாத்து நிழல் கணக்குப் போடாதேங்கோ. ஏப்பிரல் முதல் வாரத்தில இருந்து செப்டெம்பர் முதல் வாரம் வரைக்கும் மத்தியானச் சூரியன் எங்களுக்கு வடக்குப் பக்கம். ஜூனில 16 பாகைக்கு மேல சரியும். 2 மீற்றர் உயரத் தண்ணித் தாங்கி பனலுக்கு வடக்கில நிண்டால் ஜூன் மத்தியானம் 60 சென்ரிமீற்றர் நிழல். அதே தாங்கி தெற்கில நிண்டால் டிசெம்பரில 1.2 மீற்றர். மார்ச், ஏப்பிரலிலயும் ஒக்டோபர், நவம்பரிலயும் மழை பெரும்பாலும் பின்னேரம் இடியோட வரும். அதால காலை வெயில்தான் நம்பிக்கை. கிழக்கை மறைக்கிற உடுப்புக் கொடி, அன்ரனா எல்லாத்தையும் நகர்த்துங்கோ.

கடற்கரைப் பக்கம் என்ன போகும் எண்டால் மூட்டுத்தான். பனல் வயரைத் தொடுக்கிற எம்சி4 சொக்கட்டில ஒரு கொம்பனி ஆண் முனையையும் வேற கொம்பனி பெண் முனையையும் சேக்கக்கூடாது. பூட்டுப்படும், ஆனா உள் தொடுப்பு இறுகாது, உப்பு இறங்கிக் கறுத்து உருகும். சொக்கட் தரையில கிடக்கக்கூடாது, பனலுக்குக் கீழ ஃபிரேமில கட்டி, வயரை ஒருக்காக் கீழ வளைச்சு மேல எடுத்தால் தண்ணி உள்ளுக்குப் போகாது. நட், போல்ட் ஸ்ரெயின்லஸ் ஸ்ரீல் 304 எண்டால் துருப்புள்ளி வரும், காசு விட்டால் 316. ஆஸ்பெஸ்ரஸ் கூரை உள்ளவர்கள் தகட்டில ஏறி நடக்கவோ துளைக்கவோ வேண்டாம். தகடு உடையும், தூசு நுரையீரலுக்குக் கூடாது. ஏற்கனவே மரத்தில பிடிச்சிருக்கிற கொக்கி போல்ட் இடத்தையே பாவியுங்கோ.

மொட்டைமாடி06

பிறகு காசு சேந்தால் 550 வாட் பனல் ஒண்டு கூட்டலாமா? மழை மாசத்துக்கு.

கணக்கு

கூட்டலாம், ஆனால் இதே வரிசையில் அல்ல. அந்தப் பனலின் கரண்ட் 13 அம்பியர் அளவு. 8.8 உள்ள உங்கள் பனலோடு சீரிஸில் வைத்தால் அதுவும் 8.8க்கு இறங்கும், மூன்றில் ஒரு பங்கு வீண். 92 வோல்ட் வரிசையோடு பரலலில் வைத்தால் 50 வோல்ட் பனல் மற்றதை இழுத்து விழுத்தும். அதற்கெனச் சின்ன எம்பிபிடி ஒன்று தனியாக வாங்கி, அதே பற்றரிக்குக் கொடுங்கள். இரண்டு கொன்ட்ரோலர் ஒரே பற்றரியை ஏற்றுவதில் பிழையில்லை, இரண்டிலும் 28.2, 27.0 ஒன்றாக இருந்தால் சரி. மேகம் மூடிய நாளில் முழு வெயிலின் கால்வாசிதான் வரும், அந்த நாளுக்குப் பற்றரியைப் பெருக்குவதைவிடப் பனலைப் பெருக்குவதுதான் மலிவு.

மொட்டைமாடி06

அப்ப ஒழுங்கு: அறை ஃபான், எம்பிபிடி 40 அம்பியர், பனல் சீரிஸ், கார் பற்றரி வெளியில, பியூஸும் டிசி பிறேக்கரும். பிறகு பியூர் சைன் 24, பிறகு எட்டுச் செல். கடைசிக் கேள்வி. அதுவரைக்கும் டியூபுலருக்கு கொன்ட்ரோலரில என்ன வைக்க?

உப்புக்காற்று

14.4, ஃபுளோட் 13.6, வெப்ப சென்சர் இருந்தால் அதைப் பற்றரி உடம்பில ஒட்டுங்கோ. சென்சர் இல்லாட்டி, பற்றரி 33 பாகையில நிக்கிற எங்கட வீடுகளுக்கு 14.2, 13.4. வடிச்ச தண்ணியை முழுசா ஏறினாப் பிறகு விடுங்கோ, ஏற முதல் விட்டால் பொங்கி வழியும். மாசத்துக்கு ஒருக்கா ஒவ்வொரு அறையிலயும் ஹைட்ரோமீற்றர் விட்டு எழுதி வையுங்கோ. ஆறில ஒண்டு மற்றதுகளைவிட 0.030 குறைஞ்சு நிண்டால் ஒரு நாள் 15 வோல்டில ரெண்டு மணித்தியாலம் ஈக்குவலைஸ், யன்னல் திறந்து, கிட்ட நெருப்பு இல்லாம. அந்த நேரம் 12 வோல்டில நேரே தொங்கிற சாமான் எல்லாத்தையும் கழட்டி விடுங்கோ.